ஆட்டம் விண்டர்: நொய்யல் கரையின் புரட்டாசி

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் கால் வைத்த எவருக்கும் வருடத்தில் இரண்டே பருவங்கள்தான். ஒன்று 'ஸ்பிரிங் சம்மர்', இன்னொன்று 'ஆட்டம் விண்டர்'. கட்டிங் மாஸ்டர், சிங்கர் டெய்லர், செக்கிங் அக்கா, கைமடிக்கும் பெண், பீஸ் கட்டு சுமக்கும் பையன், எல்லோருக்கும் இந்தச் சொற்கள் அத்துப்படி. "ஆட்டம் ஆர்டரு முடிஞ்சுதுங்களா?" என்று ஒருவர் கேட்டால், யாரும் கரகாட்டத்தையோ ஒயிலாட்டத்தையோ நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் ஏழு வருடம் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். ஐரோப்பாவிலிருந்து கலர் கார்டு வரும். துருப்பிடித்த சிவப்பு, கடுகு மஞ்சள், காய்ந்த இலையின் பழுப்பு, ஒயின் நிறம். அதை சாயப்பட்டறைக்குக் கொடுத்து, லேப் டிப் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, லைட் பாக்ஸில் ஒன்று என்று ஷேடு ஒப்பிட்டுக்கொண்டே நாள் போகும். எல்லாமே அங்கிருக்கும் மரங்கள் உதிர்க்கிற இலைகளின் நிறங்கள். அவற்றைச் சித்திரை வைகாசி வெயிலில் வேர்க்க வேர்க்கத் தைத்து அனுப்புவோம். இங்கே புரட்டாசி பிறந்து கிழக்கே மேகம் கட்டும்போது எங்கள் மேசை மேல் கிடப்பது அடுத்த வருடக் கோடைக்கான சாம்பிள். நாம் வாழும் பருவம் ஒன்று, நாம் தைக்கும் பருவம் இன்னொன்று.

'ஆட்டம்' என்பதைப் பாடப்புத்தகம் இலையுதிர்காலம் என்று மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் நம்மூரில் இலை உதிர்வது தை மாசியில். ஆவணி புரட்டாசியைத் தமிழ் மரபு கார்காலம் என்றது. ஐப்பசி கார்த்திகை கூதிர். ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழையே பெறும் இந்த மழைமறைவுப் பகுதியில், மண் பச்சை பிடிப்பதே அந்த மாதங்களில்தான். ஐரோப்பாவில் இலை விழத் தொடங்கும்போது இங்கே புல் எழத் தொடங்குகிறது.

செப்டம்பர் வந்தால் நம் எல்லோருடைய போனிலும் இத்தாலி வந்துவிடுகிறது. திராட்சை அறுவடை, கல் பாவிய தெரு, சைப்ரஸ் மரம் நிற்கும் மேடு, பழைய நகரத்து மதிலில் சாயும் வெயில். போக ஆசைப்படுவதில் தப்பே கிடையாது, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அதே மாதத்தில், திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு மணி நேரப் பைக் தூரத்துக்குள் நம்முடைய தொல்நகரம் ஒன்றும் அதன் நாட்டுப்புறமும் கிடக்கின்றன. இதைவிட ஆச்சரியம், அந்த இடத்தையும் இத்தாலியையும் முதன்முதலில் முடிச்சுப் போட்டதே இந்தப் புரட்டாசி மாதம்தான்.

*

கி.பி. 77 வாக்கில் மூத்த பிளினி என்ற ரோமானியர் தன் 'இயற்கை வரலாறு' நூலை முடித்தார். இந்தியாவுக்குக் கப்பல் எப்போது கிளம்பும், எத்தனை நாளாகும் என்று அதில் கணக்குச் சொல்கிறார். எகிப்தின் செங்கடல் துறையிலிருந்து நடுக்கோடையில் புறப்பட வேண்டும். சுமார் முப்பது நாளில் அரேபியாவின் தென்முனை. அங்கிருந்து பருவக்காற்றைப் பிடித்தால் நாற்பது நாளில் முசிறி. திரும்புவது டிசம்பரில், மிகவும் தாமதித்தால் ஜனவரி முதல் பாதிக்குள்.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஜூலையில் கிளம்பினால் முசிறியை அடைவது செப்டம்பர் கடைசி. நம் கணக்கில் புரட்டாசி. தென்மேற்குக் காற்றின் மூர்க்கம் தணிந்து, மேற்குக் கடற்கரையில் கப்பல் ஒதுங்கக்கூடிய காலம் அதுதான். திரும்பிப் போவது வடகிழக்குக் காற்று வீசும் மார்கழியில். இடையில் மூன்று மாதம். அதற்குள் மிளகு, முத்து, தந்தம், துணி, மணிக்கல் எல்லாம் உள்நாட்டிலிருந்து துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். ஷிப்மென்ட் தேதி தவறினால் கப்பல் அடுத்த வருடம்தான். இதைப் படித்தபோது பிளினி எனக்கு ரொம்பவும் தெரிந்த மனிதராகிப்போனார். டெட்லைன் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

முசிறியிலிருந்து கிழக்கே வர இயற்கை விட்டுவைத்த ஒரே அகலமான வாசல் பாலக்காட்டுக் கணவாய். அதைத் தாண்டினால் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு. புராணப் பெயர் காஞ்சிமாநதி. சேரரின் கருவூருக்குப் போகும் பாதை இந்த ஆற்றை ஒட்டியே போனது. பின்னாளில், ஒன்பதாம் நூற்றாண்டில், இதே திசையில் சென்ற ஒரு வழிக்குச் சோழன் முதலாம் ஆதித்தனின் பட்டப்பெயரால் இராசகேசரிப் பெருவழி என்று பெயர். கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில், தமிழிலும் வட்டெழுத்திலும் பாறையில் வெட்டிய அதன் கல்வெட்டை இன்றும் பார்க்கலாம்.

பாதை போன தடத்தைக் காசுகள் காட்டிக்கொடுக்கின்றன. 1842இல் வெள்ளலூரில் 522 ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் இன்னொரு பெரும் புதையல். ஊத்துக்குளிக்கு அருகே நொய்யல் கரையிலேயே இருக்கும் கத்தாங்கண்ணியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள். இந்தப் பகுதியில் அகப்படுபவற்றில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் 'தினாரியஸ்' காசுகள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவில் அதிகம் கிடைக்கும் இவ்விருவரின் காசு வகைகள் அச்சானது ரோம் நகரத்தில் அல்ல, லுக்துனும் என்ற ஊரில். இன்றைய பிரான்சின் லியோன். பின்னாளில் பட்டு நெசவுக்குப் பெயர்போன நகரம். பைபிளில், சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள் என்று இயேசு ஒரு காசைக் காட்டிச் சொல்லும் இடம் வருமே, மரபாக அந்தக் காசாக அடையாளம் காணப்படுவதும் இதே திபேரியஸ் தினாரியஸ்தான். ஏறக்குறைய அதே தலைமுறையில் அப்படிப்பட்ட காசுகள் பாலஸ்தீனத்திலும் புழங்கின, கத்தாங்கண்ணி மண்ணிலும் புதைந்தன.

பிளினிக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை. வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியா நம்மிடமிருந்து உறிஞ்சுகிறது என்று புலம்புகிறார். இன்று ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது, பழைய கஸ்டமர் ஒருவரின் பில் தகராறைக் கேட்பதுபோல இருக்கிறது.

*

காசு இங்கே வந்ததற்கு ஈடாக இங்கிருந்து போனது என்ன? பதில் கொடுமணலில் இருக்கிறது.

ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில், நொய்யலின் வடகரையில் உள்ள சின்ன ஊர். பதிற்றுப்பத்தில் 67ஆம் பாட்டில் கபிலரும் 74ஆம் பாட்டில் அரிசில்கிழாரும் 'கொடுமணம்' என்று அணிகலன்களோடு சேர்த்துக் குறிப்பிடும் ஊர் இதுதான் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். புலவர் செ. இராசு போன்றவர்கள் ஊரை ஆய்வுலகின் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தது. எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரின் பெயர்கள் இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டன. பிறகு பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் தோண்டின. ஊரின் வயதைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்கும் பின்னால் கொண்டுபோகிறார்கள்.

கிடைத்தவற்றைப் பட்டியலிட்டால் ஒரு தொழிற்பேட்டையின் ஸ்டாக் ரிப்போர்ட் போலவே இருக்கும். இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள். மூலக்கல், பாதி உடைத்த கல், பாலிஷ் போட்ட கல், துளையிட்ட மணி, துளையிடும்போது உடைந்துபோன மணி என்று எல்லாக் கட்டத்திலும் மணிகள். கடைசியில் சொன்னதை எங்கள் பாஷையில் 'டேமேஜ்' என்போம். நடுவில் இரும்புக் கம்பி செருகிய சுடுமண் தக்களிகள். அதாவது இங்கே அன்றைக்கே நூல் நூற்றிருக்கிறார்கள்.

மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். பெரில் என்கிற கடல்நிறக் கல் படியூரிலிருந்து. திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற பஸ்ஸில் அந்த ஊர் பேர்ப்பலகையை ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். நீலக்கல் சிவன்மலைப் பக்கத்திலிருந்து. இரும்புத்தாது சென்னிமலைப் பகுதியிலிருந்து. சூதுபவளம் குஜராத்திலிருந்து. வைடூரிய நீலமான லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானத்திலிருந்து. உள்ளூர்ச் சரக்கு பாதி, வெளியூர்ச் சரக்கு பாதி, கைவேலை முழுக்க இங்கே. திருப்பூர் இன்றும் இதைத்தானே செய்கிறது? பஞ்சு ஒரு மாநிலத்திலிருந்து, மெஷின் ஒரு நாட்டிலிருந்து, லேபிள் இன்னொரு நாட்டிலிருந்து.

பெரிலைப் பற்றிப் பிளினி எழுதியிருக்கிறார். அது பெரும்பாலும் இந்தியாவில்தான் கிடைக்கிறது, ஆறு முகமாகச் செதுக்குகிறார்கள், கடற்பச்சை நிறம் கொண்டதே உயர்ந்தது என்கிறார். படியூர்க் கல் கடலிலிருந்து வெகுதூரத்தில், வறண்ட சீமையில் கிடைப்பது. ரோமாபுரிப் பெண்கள் காதில் ஆடிய அந்தக் கடல்நிறத்தைத் தோண்டி எடுத்த பலர் கடலையே பார்க்காதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இலையுதிர்காலத்தைப் பார்க்காமல் அதன் நிறத்தில் துணி தைக்கிற நம்மைப் போல. படியூர்ச் சுரங்கத்தைக் கம்பெனி காலத்தில், 1819-20 வாக்கில், ஹீத் என்ற ஆங்கிலேயர் மறுபடியும் தோண்டிக் கல் எடுத்தார். பிறகு தண்ணீர் நிறைந்து அது வெறும் கிணறாக நின்றது.

கொடுமணலில் என்னை நிறுத்திவைப்பது மணிகளைக் காட்டிலும் ஓடுகள்தான். தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானையோடுகள். கண்ணன் ஆதன். சம்பன் சுமணன். எல்லாம் ஆட்பெயர்கள். அரசன் கொடுத்த தானம் இல்லை, வெற்றி விருது இல்லை. இந்தப் பானை என்னுடையது, அவ்வளவுதான். மணி பட்டை தீட்டுகிற ஊரில், உலை ஊதுகிற ஊரில், சாதாரண மனிதர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கீறி வைத்திருக்கிறார்கள். சுமணன் போன்ற பெயர்களில் பிராகிருதத்தின் சாயல் இருக்கிறது. வடக்கிலிருந்து வணிகம் பார்க்கவும் வேலை பார்க்கவும் ஆட்கள் வந்து இங்கே கலந்திருக்கிறார்கள். இன்று நெருப்பெரிச்சல் பக்கமோ அனுப்பர்பாளையம் பக்கமோ ஒரு டீக்கடையில் நின்றால் ஒடியாவும் போஜ்புரியும் வங்காளமும் கேட்கும். இந்த ஊருக்கு அது புதுசு ஒண்ணும் இல்லை.

நேரில் போனால் ஏமாற்றமாக இருக்கலாம். அகழாய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவார்கள். காடு, கல்வட்டங்கள், மாடு மேய்கிற நிலம், கொஞ்சம் தள்ளி ஆறு. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் புரட்டாசியில் ஒரு மழை பெய்து முடிந்த மறுநாள் அந்த மண்ணில் நடந்து பாருங்கள். மழை கழுவிய மேல்மண்ணில் சிவப்பும் கறுப்புமாகப் பானைச்சில்லுகள் மினுங்கும். குனிந்து பார்க்கலாம். எடுத்து வரக்கூடாது. அது சட்டம் மட்டுமல்ல, ஆதனின் பானை ஆதனின் ஊரில் கிடப்பதுதான் நியாயம்.

*

பெருவழி என்றால் கூடவே வழிப்பறியும் உண்டு. திருப்பூரிலிருந்து அவிநாசி ரோட்டில் கொஞ்ச தூரத்தில் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் பெற்றுக்கொண்டு சேரநாட்டிலிருந்து திரும்பிய சுந்தரரை, இந்த இடத்தில் சிவனே தன் பூதகணங்களை வேடர் வேடத்தில் அனுப்பிக் கொள்ளையடித்தான், பிறகு அவர் பாடியதும் திருப்பிக் கொடுத்தான் என்பது பெரியபுராணக் கதை. பக்தி கண்ணோடு பார்ப்பவர்கள் அப்படியே பார்க்கட்டும். வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் அந்தக் கதைக்கு அடியில் ஒரு நிலவரைபடம் இருக்கிறது. மேற்கிலிருந்து பொன்னோடு வருபவன் இந்த வழியாகத்தான் வர வேண்டும். இந்த வழியில் ஆறலைக் கள்வர் இருந்தார்கள். எட்டாம் நூற்றாண்டிலும் பாதை உயிரோடு இருந்தது. இன்று பூண்டியில் சிற்பிகள் கல் செதுக்கும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். அதைத் தாண்டினால் அவிநாசி, சுந்தரர் முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்ட தலம், பழைய பெயர் திருப்புக்கொளியூர்.

புரட்டாசி சனிக்கிழமை என்றால் மட்டும் இந்தச் சைவ வட்டாரமே பெருமாள் பக்கம் திரும்பிவிடும். அவிநாசிக்கு வடக்கே மொண்டிபாளையம் போக வேண்டும். கொங்குக்காரர்களுக்கு அது மேலத் திருப்பதி. சங்கும் சேமக்கலமுமாகத் தாசர்கள் நிற்பார்கள். காட்டில் விளைந்த தானியத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஊர் முழுக்கக் கவிச்சி நிற்பதால் பல்லடத்தில் கறிக்கோழி விலை இறங்கிவிடும். ஒரு மாதத்து விரதம் ஒரு சந்தையின் விலையையே அசைப்பதைப் பொருளாதாரம் படிக்கிறவர்கள் இங்கே வந்து பார்க்கலாம்.

இதே புரட்டாசி ஒண்ணாம் தேதி, அதாவது செப்டம்பர் 17, வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு விசுவகர்ம பூஜை. நமக்கு ஆயுத பூஜை அதற்குச் சில வாரம் கழித்து. சூரியன் கன்னி ராசிக்குள் நுழையும் அதே நாள்தான் இரண்டு கணக்குக்கும் அடிப்படை. நமக்கு மாதப் பிறப்பு, அவர்களுக்குக் கருவிகளின் தெய்வத்துக்கு நாள். ஒரே ஷெட்டுக்குள் ஒரே மெஷினுக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை குங்குமம் வைக்கப்படுவதை இந்த ஊரில்தான் பார்த்தேன்.

*

கோயிலும் தொல்லியலும் வேண்டாம், சும்மா காற்று வாங்கினால் போதும் என்பவர்களுக்குக் கொறங்காடு இருக்கிறது.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பரந்து கிடக்கும் மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பேர். சுற்றிலும் கிளுவை முள் உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரம். ஒரு படல், ஒரு தண்ணீர்த் தொட்டி. மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் தேவையில்லை. காங்கேயம் காளையின் திமிலும் மிடுக்கும் இந்தப் புல்லில் வளர்ந்தவை. புல்லை யாரும் நடுவதில்லை. கோடையில் செத்ததுபோலக் கிடக்கும். மழை விழுந்த ஒரு வாரத்தில் காடு முழுக்கப் பச்சை ஏறும்.

என் அப்பாருவுக்குக் காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கொறங்காடு இருந்தது. பக்கத்துக் காட்டுப் பெரியவர் இன்னும் மாடு வைத்திருக்கிறார். ஒரு புரட்டாசியில் போனபோது வேலி ஓரம் நின்று பேசினார்.

"ஏனுங்கய்யா, இதெல்லாம் சைட்டுக்குக் கேக்கலீங்களா?"

"கேக்காம என்ன கண்ணு. வாரத்துக்கு ஒரு புரோக்கரு வர்றான். நானு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். இந்தக் கிளுவைய எங்க பாட்டன் வெச்சது. நீ காம்பவுண்டு கட்டுனா அதுல துளுரு வருமான்னு."

சொல்லிவிட்டு மயிலைக் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டார். கீழே கொள்ளு விதைக்க ஓட்டிய காடு ஈரமாகக் கிடந்தது. அவர் வீட்டில் அன்று அரிசியும் பருப்பும் சோறு, மேலே ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு உருண்டை. இத்தாலியில் ஒரு பண்ணை வீட்டில் சாப்பிடுவதை ஆனந்தம் என்று எழுதுகிறார்களே, அதற்கு நேரான அனுபவம் இது. ஒரே வித்தியாசம், இங்கே பில் வராது. இன்னொரு கை போட்டுக்கச் சொல்லி வற்புறுத்தல்தான் வரும்.

*

இத்தனையும் சொல்லிவிட்டு ஆற்றைப் பற்றிப் பேசாமல் போனால் அது சுற்றுலாத் துண்டறிக்கை ஆகிவிடும்.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர், பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டீசர்ட் வாங்கத் திருப்பூர் வந்தார். உள்நாட்டுக்குப் பனியன் போட்டுக்கொண்டிருந்த ஊருக்கு ஐரோப்பியச் சந்தையின் கதவு அங்கேதான் திறந்தது என்று திருப்பூரின் தொழில் வரலாறு சொல்லும் எல்லோரும் அவர் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். வெரோனா என்பது இத்தாலியின் ஒரு பழம்பெரும் நகரத்தின் பெயரும்கூட. ஆக, ஓர் இத்தாலிய நகரத்தின் பெயரைத் தாங்கியவர் வந்து நம் வரலாற்றை இரண்டாம் முறை திருப்பினார். ரோமானிய வணிகர்கள் நொய்யல் வரை வர வேண்டிய தேவை இருக்கவில்லை, அவர்களுக்காகச் சாத்து வணிகர்கள் சுமந்தார்கள். இந்த முறை ஆளே நேரில் வந்துவிட்டார்.

வெள்ளை டீசர்ட்டுக்குப் பின்னால் கலர் டீசர்ட் வந்தது. கலருக்குத் தண்ணீர் வேண்டும், உப்பு வேண்டும். சாயக்கழிவு ஆற்றில் போனது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்களுக்குள் ஒரு ஜோக் உண்டு: இந்த வருஷம் ஐரோப்பாவில் என்ன ஃபேஷன் என்று தெரிய வேண்டுமானால் ஆற்றுப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் போதும். சிரிப்போம். அந்தத் தண்ணீரைக் குடிக்க நேர்ந்தவர்கள் சிரிக்கவில்லை.

கொடுமணலுக்குக் கொஞ்சம் கீழே ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் பாசனத்துக்காகப் பயன்பாட்டுக்கு வந்தது. சில வருடங்களிலேயே அது சாயத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிவிட்டது. அணை கட்டுங்கள் என்று விவசாயிகள் போராடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது, மாடுகள் அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த வருடம் ஊரைவிட்டுப் போயின. பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு, சுத்திகரிப்பு நிலையங்களோடு தொழில் திரும்பவும் எழுந்தது. இது பெரிய மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் மழை கொட்டும் இரவுகளில் களவாகத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் இன்றும் செய்தித்தாளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. கவிஞர்கள் கொண்டாடும் புதுவெள்ளம் இங்கே சிலருக்கு மறைப்புத் துணி.

இதை ஏன் புரட்டாசிக் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், ரசிப்பதற்கும் காப்பதற்கும் நடுவே இருக்கிற தூரம் இந்த ஆற்றில்தான் தெரிகிறது. இத்தாலியின் மேடுகள் தானாகவே அழகாக இருந்துவிடவில்லை. நிலத்தோற்றத்தைக் காப்பது குடியரசின் கடமை என்று அவர்கள் 1948இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 9ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். எழுதிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை, ஆனால் கேள்வி கேட்பவனுக்குக் கையில் ஒரு சொல் இருக்கிறது. நம்மிடம் கொறங்காட்டைக் காக்கிற சொல் எது? படியூர்க் கல்லையும் கத்தாங்கண்ணிக் காசையும் கொடுமணல் ஓட்டையும் ஒரே நிலமாகச் சேர்த்துப் பார்க்கிற சொல் எது?

நடக்காத காரியம் இல்லை இது. திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளத்தைப் பாருங்கள். நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் பழைய ஏரி. பறவை பார்ப்பவர்களும் ஊர்க்காரர்களும் விடாமல் பேசிப் பேசி, 2022இல் அது தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் ஏறியது. புரட்டாசியில் அங்கே போனால் வடக்கிலிருந்து வலசை வரும் முதல் கூட்டங்களைப் பார்க்கலாம். அவையும் யவனக் கப்பல்களைப் போலத்தான். பருவம் பார்த்து வருகின்றன, பருவம் பார்த்துத் திரும்புகின்றன. தண்ணீர் நன்றாக இருந்தால்தான் மறு வருடம் வரும்.

*

எனக்குப் பிடித்த வரலாறு அரசர்களுடையது அல்ல. ரோமுக்குப் போன மணியில் அதைத் துளையிட்டவனின் பெயர் இல்லை. ஐரோப்பாவுக்குப் போகும் சட்டையிலும் அதைத் தைத்தவளின் பெயர் இல்லை, பிராண்டின் பெயர்தான் இருக்கிறது. ஏற்றுமதி என்பது இரண்டாயிரம் வருடமாகப் பெயரை அழித்துத்தான் அனுப்புகிறது. ஆனால் கொடுமணல்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். விற்கிற மணியில் எழுத முடியாத பெயரைத் தின்கிற பானையில் எழுதினார்கள். மணி கடல் தாண்டிப் போனது. பானை உடைந்து இங்கேயே கிடந்தது. இரண்டாயிரம் வருடம் கழித்துப் பேசுவது பானைதான்.

ஆயுத பூஜையன்று எந்த பனியன் கம்பெனிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து நிற்கும். பொரி, கடலை, வாழைப்பழம் பொட்டலம் கைமாறும். சுவர் ஓரத்தில் சாப்பாட்டுக் கேரியர்கள் வரிசையாக இருக்கும். பாத்திரக் கடையில் வாங்கும்போதே மெஷினில் வெட்டிக் கொடுத்த பெயர்கள் அவற்றில் உண்டு. புள்ளி புள்ளியாக, கொஞ்சம் கோணலாக. சிலதில் தமிழ், சிலதில் ஒடியா, சிலதில் இந்தி. யாரும் அதை எழுத்து என்றோ சாசனம் என்றோ நினைப்பதில்லை. இந்தக் கேரியர் என்னுடையது, அவ்வளவுதான்.